எழுந்திருக்கக் கூடாத காவல்காரர்

அந்த மனிதர் எழுந்திருக்கவே கூடாது. எழுந்து ஓடினார் என்று இவள் சொல்கிறாள். இவளோ பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் நான் எங்கே கோட்டை விட்டேன்?

இதை அம்சவள்ளி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ஜவ்வரிசி ஆலையின் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் ஒரு மர ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க ஜெயம்மா. வேடியப்பன் அந்த ஸ்டூலை விட்டு எழுந்தாரா?"

"இன்னாம்மா இது, கேட்டதையே கேட்டுக்கினு?" டீக்கடை ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எழுந்தாரா இன்னா, ஓடுனாரு! தோள்ல இருந்த துண்டு வுழுந்துச்சி, அதக்கூட எடுக்காம உள்ளாற ஓடுனாரு. என் கண்ணால பாத்தேன். அப்பதான் போலீஸ் வேன் வர்ற சத்தம் கேட்டுச்சா, நானும் கடைய சாத்திட்டு வூட்டுக்கு ஓடிட்டேன். கோர்ட்டுல வந்து கற்பூரம் அணைச்சிச் சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா" என்றான் தனசேகரன். "அங்க ஏற்கெனவே எங்க கேஸ் எரிஞ்சிக்கினுதான் இருக்கு. நீங்க வேற கற்பூரம் கொண்டாராதீங்க."

அம்சவள்ளி சிரிக்கவில்லை. துப்பறியும் தொழிலில் தனசேகரன் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சிரிக்காத நகைச்சுவைகளை எண்ணினால் ஒரு பஸ் நிரம்பும். அவன் அதற்காக நிறுத்தியதும் இல்லை.

கேஸ் உண்மையிலேயே எரிந்துகொண்டுதான் இருந்தது. எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர் மாதம், இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்தது. புளியமரங்கள் வெட்டப்பட்டுச் சாலைகளின் குறுக்கே கிடந்தன. கள்ளக்குறிச்சிக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை என்று ஆன அந்த வாரத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், இந்த ஆலைக்குள் ஃபிட்டர் வீரமுத்து தலையிலும் கழுத்திலும் அடிபட்டுச் செத்துக் கிடந்தார்.

முதலாளி ராமசாமி போலீசில் சொன்னது இது: மறியல் தொடங்கிய அன்று காலையிலேயே ஆலையை மூடியாகிவிட்டது. வீரமுத்து உள்ளே சும்மா காவலுக்கு இருந்தார். மறியல்காரர்கள் பின்சுவருக்கு வெளியே தகரம் தட்டினார்கள், விசில் ஊதினார்கள். இதென்ன புதுச் சத்தம் என்று கேட் காவல்காரர் வேடியப்பன் எழுந்து பார்க்க ஓடினார். ஆளில்லாத கேட் வழியாகக் கும்பல் புகுந்து வீரமுத்துவை அடித்துவிட்டது. வேடியப்பனும் அப்படித்தான் என்று கைநாட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அன்புச்செல்வன் கைதானான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவன். மறியலில் ஆட்களை ஒழுங்காக உட்கார வைப்பதற்காகச் சட்டைப்பையில் ஒரு விசில் வைத்திருந்தான். அந்த விசில் போதுமானதாக இருந்தது. இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறான். அவனை வெளியே கொண்டுவரச் சொல்லி அம்சவள்ளியின் மாடியறைக்கு வந்தவள் அவன் அம்மா கொளஞ்சியம்மாள்.

அம்சவள்ளி பிடித்த ஒரே நூல் வேடியப்பனின் தலைக்குள் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் மூளைக்காய்ச்சலில் பிழைத்த மனிதர். பழையது எல்லாம் ஞாபகம் இருக்கும். புதிதாக எதுவும் ஒட்டாது. காலையில் சாப்பிட்ட களியை மதியத்துக்குள் மறந்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம் "நீ இப்படித்தான் செய்தாய்" என்று சொன்னால், தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை நீட்டுவார்.

போன வாரம் அவரையும் மனைவி ரங்கம்மாளையும் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் அவர் தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரே மாதிரி டிங் டிங் என்று ஒலியைப் போட்டார். நடுவில் உச்சமாக ஒரு டிங் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். வேடியப்பன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், நடுநடுவே வேறு சத்தங்கள். நாய் குரைப்பு. குழந்தை அழுகை. பாத்திரம் உருளுவது. அறைக்கு வெளியே ஒலிபெருக்கியில் அதைக் கேட்ட தனசேகரன்கூடத் திரும்பிப் பார்த்தான். வேடியப்பனின் கண்ணிமைகூட அசையவில்லை. தாளில் ஓடிய கோடும் எழும்பவில்லை.

"மூளைக்குள்ள ஹிப்போகேம்பஸ்னு ஒரு இடம்" என்று டாக்டர் சொன்னார். "கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும். இவருக்கு அது கெட்டுப்போச்சு. எதிர்பார்க்காத ஒரு சத்தம் வந்தா, 'அட, இது புதுசா இருக்கே'ன்னு நம்ம தலை தானா திரும்புதே, அந்தத் திரும்பல் இவர்கிட்ட இல்லை. காது நல்லா கேக்குது. பெரிய வெடி வெடிச்சா உடம்பு தூக்கிப் போடும், அது வேற. இதைக் கவனிக்கணும்னு முன்னாடியே பழகின சத்தம்னா எழுந்திருப்பார். புதுசுக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டார்."

புதுச் சத்தம் கேட்டு எழுந்தார் என்ற வாக்குமூலம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது என்று நினைத்து, அம்சவள்ளி திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாள். பல நாள் கழித்து வந்த தூக்கம். இன்றைக்கு ஜெயம்மாள் அந்த வாக்குமூலத்தை எழுப்பி உட்கார வைத்துவிட்டாள்.

"அவரு சாதாரணமா எழுந்திருக்கிற ஆளா?"

"அவரா? லாரிக்காரன் ரெண்டு ஆரன் அடிச்சா டக்குனு கேட்டத் தொறப்பாரு. அது அந்தக் காலத்துப் பழக்கம். முதலாளி புதுசா மாருதி காரு வாங்கிக்கினு வந்தாரே, அது ஆரனை எத்தினி தபா அடிச்சாலும் திரும்ப மாட்டாரு. முதலாளியே எறங்கி வந்து தொறந்துக்குவாரு. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு."

"அன்னைக்கு புதுசா ஏதாவது சத்தம் கேட்டுச்சா? தகரம், விசில்?"

"இன்னா புதுசு? ரோட்டுல பசங்க கத்திக்கினு இருந்தாங்க. நாய் கொலச்சிது. பின்னாடி யாரோ துணி அடிச்சித் தொவச்சிக்கினு இருந்தாங்க. தகரமெல்லாம் நான் கேக்கல."

"ஆலை ஓடலையே?"

"அதை நான் இன்னாத்தக் கண்டேன்? கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து அந்த மோட்டார் சத்தத்துலதான் குந்திக்கினு இருக்கேன். ஓடுனாலும் தெரியாது, ஓடலன்னாலும் தெரியாது."

ஜெயம்மாள் பால் குண்டானை ணங்கென்று கல்லில் வைத்தாள். அம்சவள்ளியின் முதுகு தன்னால் நிமிர்ந்தது. களமருதூரில் மாமியார் வீட்டை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டால், அடுத்து அவள் பெயர் வரும். இன்றைக்கும் யார் வீட்டில், எந்தக் கடையில் பாத்திரம் விழுந்தாலும் முதுகு எழுந்து நின்று பதில் சொல்லத் தயாராகிவிடுகிறது. அவளைக் கேட்பதே இல்லை. அந்த முதுகின் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு.

அப்போதுதான் வெள்ளை மாருதி வந்து கேட் முன்னால் நின்றது. ஆரன் அடித்தது. திறக்க ஆளில்லை. ராமசாமி இறங்கி, சாலையைத் தாண்டி இவர்களிடமே வந்தார். வெள்ளை வேட்டி, மென்மையான குரல்.

"வேடியப்பனத் தேடறீங்களாம்மா? மலைக்கு அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரி, மிஷினுன்னு நீங்க இழுத்தடிச்சதுல ஆளு மிரண்டுட்டான். சொந்த ஊர்ல கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

"அவருக்குப் புதுச் சத்தம் உறைக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"உறைக்காதா?" ராமசாமி சிரித்தார். "சோறு போடறவன் காரு ஆரனுக்கு மட்டும் அவனுக்குக் காது கேக்காது. அது வியாதி இல்லம்மா, கொழுப்பு. பாவம்னு வச்சிருந்தேன்."

அவர் கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே முற்றம் தெரிந்தது. மலை போல் மரவள்ளிக் கிழங்கு கறுத்து, அழுகி நாறியது. "மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்த லோடு" என்று பெருமூச்சு விட்டார். "கிழங்கு ரெண்டு நாள் தாங்காது. அப்புறம் போலீசும் எதையும் தொடாதேன்னுட்டாங்க. அத்தனையும் போச்சு."

கார் உள்ளே போன பிறகு தனசேகரன் மெதுவாகச் சொன்னான். "மேடம், இந்த ஆலையில பெருச்சாளிங்க ரொம்பப் படிச்சிருக்கு."

"என்ன?"

"குவியலோட இந்தப் பக்கம் பாருங்க. கேக்கு வெட்டின மாதிரி நேரா எறங்குது. கொத்தனாரு மாதிரி மூலமட்டம் வச்சித் தின்னுருக்கு."

அம்சவள்ளி பார்த்தாள். பார்த்ததை மனசின் ஒரு மூலையில் போட்டாள். எரிச்சல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "வண்டிய எடு. மலைக்குப் போறோம்."

•

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியில் இன்னும் அப்புறப்படுத்தாத மரங்கள் கிடந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, ராஜ்தூத் பைக்கைத் தூக்கிக் கிளைகளுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டியிருந்தது.

"ஒரு சந்தேகம் மேடம்" என்றான் தனசேகரன், மூச்சு வாங்க. "வண்டிமேல நாம போறோமா, நம்மமேல வண்டி போகுதா?"

"பேசாம தூக்கு."

"அந்த டாக்டர் சொன்னாரே, தலைக்குள்ள ஒரு குதிரைன்னு. வேடியப்பனுக்குக் குதிரை படுத்துக்கிச்சு. அப்புறம் எப்படி ஓடுனாரு?"

"அதுக்குத்தான் போறோம்."

"இல்ல, அந்தம்மா சொல்றது நெசம்னா டாக்டர் சொன்னது பொய். டாக்டர் சொன்னது நெசம்னா..."

"தனசேகர்! எனக்குத் தெரியும்."

அவள் குரல் உயர்ந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. இதுதான் கேஸ் முழுக்க நடந்தது. ஒரு கதவைத் திறந்தால் அதற்குப் பின்னால் சுவர். கொளஞ்சியம்மாள் தினமும் காலையில் கடலூருக்குப் போய் மகனைக் கம்பிக்குப் பின்னால் பார்த்துவிட்டு, நேராக இவள் மாடியறைக்கு வருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். இன்றைக்கு என்ன என்று கண்ணால் மட்டும் கேட்பாள். அதற்குப் பதில் வைத்திருக்காத கோபம்தான் தனசேகரன் தலையில் விடிகிறது.

வேடியப்பனின் ஊர் வெள்ளிமலைப் பக்கத்தில் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஏழெட்டுக் கூரை வீடுகள். மழை விட்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார் வேடியப்பன். திடமான உடம்பு, அமைதியான முகம்.

"வாங்க, வாங்க. எந்த ஊருங்க?" என்றார். புதுச்சேரிக்குக் கூடவே பஸ்ஸில் வந்தவர், அம்சவள்ளியிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டவர்.

"கள்ளக்குறிச்சிங்க. ஆலையில அன்னைக்கு எதுக்கு எழுந்து ஓடுனீங்க?"

"ஓடுனேனா?" அவர் உண்மையான அக்கறையோடு யோசித்தார். "முதலாளி சொன்னாருன்னா ஓடியிருப்பேனுங்க."

அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. அம்சவள்ளி தனசேகரனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் அவர் முதுகுக்குப் பின்னால் போய்த் தொடங்கினான். விசில் ஊதினான். அவர் காய் உரித்தார். தகர மூடியைக் கரண்டியால் தட்டினான். அவர் காய் உரித்தார். வண்டி ஆரன், அலாரம் கடிகாரம், கடைசியில் வெட்கத்தை விட்டு ஆடு மாதிரிக் கத்தினான். நாய்கள் ஓடி வந்தன. பக்கத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேடியப்பன் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"மேடம், ஊரே திரும்பிடுச்சி, இவரத் தவிர. ஆட்டுக்கே ஒரு தபா திரும்பியிருக்கலாம், அவ்ளோ நல்லா கத்துனேன்."

"ஐயா" என்றாள் அம்சவள்ளி, அவர் முன்னால் குந்தி. "இனிமே விசில் சத்தம் கேட்டா கையத் தூக்குங்க."

தனசேகரன் ஊதினான். சட்டென்று கை உயர்ந்தது. மறுபடி ஊதினான். மறுபடி உயர்ந்தது. டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. காது இருக்கிறது, கவனம் இருக்கிறது, சொன்ன வேலையைச் செய்கிறார். புதிதுக்கு மட்டும் திரும்பும் அந்த ஒன்று இல்லை. இல்லாத ஒன்று அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கொஞ்ச நேரம் கழித்து வேடியப்பன் தலை நிமிர்ந்து, "வாங்க, வாங்க. எந்த ஊருங்க?" என்றார்.

"கள்ளக்குறிச்சிதாங்க" என்றான் தனசேகரன். "இன்னும் ஊர மாத்தல."

அம்சவள்ளி எழுந்து கொல்லைப்புறம் பார்த்தபடி நின்றாள். ரங்கம்மாள் பக்கத்தில் வந்தாள். "எம்மா, நீங்க கொஞ்சம் இவரப் பாத்துக்கறதா இருந்தா, நான் போயி நாலு துணியக் கசக்கிக்கினு வந்துடறேன். காலையில இருந்து ஊறுது. இவரு முழிச்சிருந்தா என்னால தொவைக்க முடியாது."

"போயிட்டு வாங்க" என்றாள் அம்சவள்ளி, சரியாகக் காதில் வாங்காமலேயே.

ரங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கு இறங்கினாள். சற்று நேரத்தில் கல்லில் ஈரத்துணி அடிபடும் சத்தம் வந்தது. தப். தப். தப்.

வேடியப்பன் எழுந்தார்.

முறம் கவிழ்ந்தது. அவரைக்காய் வாசலெல்லாம் சிதறியது. அந்த அமைதியான முகம் எங்கோ போய்விட்டிருந்தது. தனசேகரனை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடினார். உள்சுவரில் தோள் உயரத்தில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், வலது கையை வைத்து எதையோ பிடித்து, முழு பலத்தோடு கீழே இழுத்தார்.

பிறகு அப்படியே நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. வெறும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு வந்தேன் இங்க?" என்று கேட்டார்.

அந்தச் சுவரில், அவர் இழுத்த இடத்தில், மண்பூச்சு தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது.

ரங்கம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "பாத்தீங்களா? எந்நேரமும் இதேதான்! துணி அடிக்கக் கூடாது. அடிச்சா ஓடியாந்து சொவரப் புடிச்சி இழுப்பாரு. என் பொழப்பே இதுல போவுது."

அம்சவள்ளியின் முதுகு நிமிர்ந்தது. பாத்திரம் எதுவும் விழாமலே. ணங்கென்ற ஒரு சத்தத்துக்கு எழுந்து நிற்கும் தன் உடம்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு ஞாபகம் தேவையில்லை. அது பழசு.

"ரங்கம்மா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி இவரு ஆலையில என்ன வேலை பாத்தாரு? கேட்டுலயா?"

"கேட்டா? அது சொகமில்லாம போனதுக்கு அப்புறம் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அரவ மிஷினுக்கு சுச்சு ஆளு, லோடு லாரி ஆரன் அடிச்சா கேட்டயும் இவருதான் ஓடிப்போயி தொறப்பாரு. மிஷினுகிட்ட ஒருத்தரு, மெயின் சுச்சுகிட்ட ஒருத்தரு. ரெண்டு ஆளு இல்லாம மோட்டார் போடக் கூடாதுன்னு இவரு முதலாளிகிட்டயே சண்ட போடுவாரு. பெல்ட்டு அறுந்துக்கினா, அறுந்த நுனி தரையில அடிக்குமாம், தப்பு தப்புன்னு. அந்தச் சத்தம் கேட்டா கண்ண மூடிக்கினு சுச்ச இழுக்கணும், இல்லன்னா மிஷினுகிட்ட நிக்கறவன் செத்தான்னு சொல்லுவாரு. தூக்கத்துலகூடக் கைய இழுப்பாரு."

தனசேகரன் வாசலில் குனிந்து, சிதறிய அவரைக்காயை முறத்தில் பொறுக்கிப் போட ஆரம்பித்தான்.

•

இறங்கும்போது அவள் பேசினாள். மரங்களைத் தாண்டும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி பேசினாள்.

"அவர் எழுந்தது நெசம். புதுச் சத்தத்துக்கு எழுந்திருக்க மாட்டார்ங்கறதும் நெசம். ரெண்டும் நெசம்னா, அன்னைக்குக் கேட்டது புதுச் சத்தம் இல்லை. அவர் உடம்புக்கு ரொம்பப் பழைய சத்தம்."

"ஜெயம்மாக்கா கேட்ட துணி தொவைக்கிற சத்தம்!"

"மூடின ஆலையில விளக்கு வைக்கிற நேரத்துல யார் துணி தொவைப்பா? எனக்கு அங்கேயே உறைச்சிருக்கணும். ராமசாமி ஆலைய மூடல, தனசேகர். கிழங்கு ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. மறியல்ல ஆளுங்க வரல. வீரமுத்து ஒருத்தர வச்சி ஓட்டியிருக்கார். உன் பெருச்சாளி தின்ன கிழங்கு எங்க போச்சுன்னு இப்ப தெரியுதா?"

"மிஷினுக்குள்ள."

"சுவிட்சுகிட்ட ஆளில்லை. பெல்ட் அறுந்து வீரமுத்து மேல அடிச்சிருக்கு. அடிபட்ட மனுஷன் எப்படி சுவிட்சுக்குப் போவார்? அந்த நேரத்துல கேட்டுல குந்தியிருந்த ஒருத்தர் எழுந்து ஓடி, மோட்டார நிறுத்தியிருக்கார். அவருக்காக ஓடின ஒரே ஆளு."

"அப்புறம் எதுக்கு வந்தேன்னு கேட்டுக்கினு நின்னுருப்பாரு" என்றான் தனசேகரன் மெல்ல. "முதலாளி வந்து, எதுக்கு வந்தன்னு அவரே சொல்லிக் குடுத்திருக்காரு."

"எழுந்தார்னு யாராவது பாத்திருப்பாங்கன்னு பயம். அதனால எழுந்ததுக்கு ஒரு காரணம் வேணும். யாரா இருந்தாலும் புதுச் சத்தம் கேட்டா எழுந்து பாப்பாங்கன்னு நெனைச்சார். இவர் மட்டும் திரும்ப மாட்டார்ங்கறது கார் ஆரன் அடிச்சி அடிச்சித் தினமும் தெரிஞ்சிக்கிட்ட விஷயம்தான். வியாதின்னு நெனைக்கல, திமிருன்னு நெனைச்சார்."

"பெல்ட்ட மாத்தியிருப்பாரே மேடம்?"

"மாத்தியிருந்தா, அத்தனை பழைய பெல்ட்டுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் புதுசா இருக்கும். நாளைக்குக் காலையில வக்கீலோட போய் மின்சார மீட்டரையும் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே வந்தாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சாட்சி யார்? தன் சாட்சியத்தைத் தானே மறந்துவிடுகிற ஒருவர். ஈரத்துணியையும் தேய்ந்த சுவரையும் எந்த நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது?

•

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேலே அவர்களுடைய அறை. கீழே வெள்ளை மாருதி நின்றது. உள்ளே ஓட்டுநர் மட்டும் இருந்தார். தனசேகரன் அவளைப் பார்த்தான். அவள் படியேறினாள்.

கொளஞ்சியம்மாள் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தாள். கண்கள் இன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை. அவற்றில் ஒரு வெளிச்சம் இருந்தது. 

"எம்மா, எம்புள்ள வந்துருவாம்மா. திங்கக்கெழம வந்துருவான்" என்றாள். "முதலாளி ஆளனுப்பினாரு. அவரு வேற மாதிரி எழுதிக் குடுக்கறாராம். வீரமுத்து பக்கத்துல அந்த கேட்டுக்காரருதான் நின்னுக்கினு இருந்தாராம். அவருதான் மூளக்கோளாறுல அடிச்சிட்டாராம். பாவம்னு முதலாளி இத்தினி நாளு மறைச்சிட்டாராம். நீங்க ஒரே ஒரு வார்த்த ஸ்டேஷன்ல வந்து சொன்னா போதுமாம். நீங்கதானே அவர டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனது. அவருக்கு மூள சரியில்லன்னு சொல்லுங்க. காரு கூட அனுப்பியிருக்காரு."

வேடியப்பனுக்குப் புதுச் சத்தம் உறைக்காது என்று டீக்கடையில் தானே வாய்விட்டது அம்சவள்ளிக்கு ஞாபகம் வந்தது; ராமசாமி அதற்குள் கதையை மாற்றிவிட்டார்.

"கொளஞ்சியம்மா, வீரமுத்துவை யாரும் அடிக்கல. அது மிஷின்ல ஆன விபத்து. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். வேடியப்பன் ஓடினது அவரக் காப்பாத்த."

"இருக்கட்டும்மா. அத நிரூபிக்க எத்தினி நாளாவும்?"

அம்சவள்ளி நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டாள்.

"நான் பொய் சொல்லச் சொல்லலியே" என்றாள் கொளஞ்சியம்மாள். குரல் இறங்கிக் கெஞ்சியது. "மூள சரியில்லங்கறது நெசந்தானே? ஜெயில்ல போட மாட்டாங்களாம், ஆஸ்பத்திரியிலதான் வைப்பாங்களாம். இன்னிக்கு உள்ள போனா நாளைக்கு அவருக்கே மறந்துரும். எங்க இருக்கோம்னே தெரியாது. எம்புள்ளைக்குத் தெரியுதேம்மா. ஒவ்வொரு ராத்திரியும் அவனுக்குத் தெரியுதே."

தனசேகரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 

மறந்துவிடுவார், உண்மைதான். ஒவ்வொரு நாள் காலையிலும் எந்த ஊருங்க என்று கேட்பார். ஆனால் அங்கேயும் யாராவது துணி துவைப்பார்கள். தப் என்று கேட்டதும் எழுந்து ஓடுவார். கட்டிப்போட்டிருந்தால் கட்டோடு எழுவார். யாரோ ஒருவரின் உயிருக்காக, எது என்று தெரியாத ஒரு பிடியை, இல்லாத ஒரு சுவரில் தேடுவார்.

கீழே மாருதி ஆரன் அடித்தது. புது ஆரன், கூர்மையாக, பொறுமையில்லாமல். கொளஞ்சியம்மாளின் தலை சட்டென்று வாசல் பக்கம் திரும்பியது. தனசேகரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மறுபடி ஆரன்.

அம்சவள்ளி திரும்பவில்லை. பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, கொளஞ்சியம்மாளின் கையில் கொடுத்து, அது சிந்தாமல் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றாள். "நான் வரலீங்க."